புத்தி வளரும் முதல் இடம்

பிள்ளையின் புத்தி பள்ளிக்கூட வாசலில்தான் விழித்துக்கொள்கிறது என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால், வளர்ந்த மனிதனின் மூளைப் பருமனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைக் குழந்தையின் மூளை இரண்டு வயதுக்குள்ளேயே எட்டிவிடுகிறது என்பதையும், அந்தப் பிராயத்தில் குழந்தை பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசித்தால், பின்னால் கட்டப்போகும் பள்ளிக் கட்டணத்தைக் காட்டிலும் வீட்டார் இன்று அதனோடு பேசும் பேச்சே பெரிய மூலதனம் என்பது விளங்கும்.

திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டி, காம்பைப் பிடுங்கும் பேத்தியின் கையைத் தட்டிவிடாமல், "இது இலைடி, இது காம்பு, அதோ பாரு, எறும்பு தூக்கிக்கிட்டுப் போவுது" என்று சொல்ல, குழந்தை எறும்பைச் சுட்டிக்காட்டி "ம்ம்" என்க, பாட்டி அதற்கும் ஒரு மறுமொழி சொல்கிறாளே, அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பாஷையும் கவனமும் ஞாபகமும் உருவாகின்றன. இது வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரிய பாக்கியமன்று. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1986–87ஆம் ஆண்டுகளில், வறுமையால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடையே நடந்த ஆராய்ச்சியில், ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரந்தோறும் சுகாதார ஊழியர் சென்று, வீட்டிலேயே செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு பிள்ளையோடு பேசி விளையாடும் வகையைத் தாய்மாருக்கு இரண்டு வருஷம் கற்பித்தார்கள்; சுமார் இருபது வருஷங்களுக்குப் பின் அக்குழந்தைகளின் சம்பாத்தியம், அவ்வுதவி பெறாத ஏழைக் குழந்தைகளுடையதைவிட 25 சதவீதம் அதிகமாயிருந்தது.

இந்த வளர்ச்சியைத் தடுப்பவை எவை? சோறூட்டும்போது கையில் திணிக்கப்படும் செல்போன் ஒன்று; இரண்டு வயது நிறையும்வரை திரையே வேண்டாம், பிறகு ஐந்து வயதுக்குள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவும் புத்தியை மந்தப்படுத்தும். எல்லாவற்றினும் கொடியது அச்சம்: இரவு தோறும் அடியும் கூச்சலும் கேட்டு நடுங்கும் குழந்தையின் கவனம் முழுதும் ஆபத்தை எதிர்பார்ப்பதிலேயே செலவாகிவிடுவதால், கற்பதற்கு மனம் எஞ்சுவதில்லை. அத்தகைய வீட்டுப் பெண்கள் 181ஐயும், குழந்தைக்குத் துன்பம் நேர்வதை அறிந்தவர் எவரும் 1098ஐயும் அழைக்கலாம்.

பிள்ளை வளர்ப்பில் வீட்டாருக்குத் துணையும் உண்டு. 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடி மூலம் இலவச உணவு, 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமை, அது தர்மமன்று. எடை பார்ப்பதும் அங்கேயே நடக்கிறது. அங்கு வரும் மருத்துவக் குழுவினர் வளர்ச்சியில் தாமதம் கண்டால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குக் கட்டணமின்றி அனுப்புவார்கள்.

"அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு" என்று, பிள்ளை பேசத் தாமதிப்பதைப் பார்த்தும் காலங்கடத்தாதீர்கள். காது கேளாமையே காரணமாயிருக்கலாம். இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்தால், இந்த வாரமே அங்கன்வாடிப் பணியாளரிடம் சொல்லுங்கள்.