சிசேரியனுக்குப் பின் ஒரு கால் மட்டும் வீங்கினால்...



சிசேரியன் ஆகி வீடு வந்த தாயிடம், "பச்சை உடம்பு, அசையாம படு. தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்" என்று பாகூர், வில்லியனூர் பக்கம் பெரியவர்கள் சொல்வதுண்டு. அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் இரண்டுமே கெடுதல்.

ஏன் தெரியுமா? பிரசவத்தில் உதிரம் அதிகம் போகாதிருக்க, கர்ப்பிணியின் இரத்தம் சீக்கிரம் உறையும்படி இயற்கையே செய்திருக்கிறது. பிரசவமான பிறகும் ஆறு வாரம் வரை இந்தத் தன்மை இருக்கும். அசையாமல் படுத்தால் காலில் இரத்தம் தேங்கும். தண்ணீர் குறைந்தால் கெட்டியாகும். அப்போது காலின் உள்ளே உள்ள இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளலாம். அந்தக் கட்டி பிய்ந்து போய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. மூளையின் இரத்தக் குழாயிலும் அடைப்பு வரலாம்.

இது அபூர்வம்தான். பயம் வேண்டாம்; ஆனால் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

1. ஒரு கால் மட்டும், பெரும்பாலும் இடது கால், வீங்கி வலிப்பது.
2. திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் இரத்தம்.
3. விடாத தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கம் கை கால் விழுதல்.

வீங்கிய காலை எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள். கட்டி பிய்ந்து நகரலாம். வலிப்புக்கு மந்திரிக்கப் போகாதீர்கள். கால் வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்ற அடையாளம் கண்டால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையும், கோரிமேடு ஜிப்மரும் நமக்கு இருக்கின்றன.

கால் வீக்கத்துக்கு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். முதலில் ஹெப்பாரின் ஊசி. பிறகு வார்ஃபரின் போன்ற மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். நல்லாயிடுச்சு என்று பாதியில் நிறுத்தக் கூடாது. வார்ஃபரின் சாப்பிட்டாலும் குழந்தைக்குத் தாய்ப்பால் தரலாம். ஆனால் அப்போது மறுபடி கர்ப்பம் தரித்தால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல். இரத்தக் கட்டு வந்தவர்களுக்கு மாலா-என் மாத்திரையும் ஆகாது. ஆகவே கணவர் நிரோத் உபயோகிக்கலாம். டாக்டரைக் கேட்டு காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம்.

கணவன்மார்களே! டாக்டர் சொன்னதும் கையைப் பிடித்து நடக்க வையுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். முன்பு இரத்தக் கட்டு வந்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தடுப்பு ஊசி உண்டு.

எழுந்து நடப்போம், தண்ணீர் குடிப்போம், ஒற்றைக் கால் வீக்கத்தை உடனே காட்டுவோம்!