பாலையில் பெருக்கல் குறிகள்

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவன வரைபடத்தை விரித்தால், மனிதர் விட்டுப்போன தடங்களைத்தான் முதலில் தேடுவேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் பழைய 1:24,000 தாளில், குறுக்காக வைத்த இரு குந்தாலிகள் என்றால் சுரங்கம். வெறும் பெருக்கல் குறியோ, யாரோ தாது தேடித் தோண்டிப் பார்த்த இடம். பாதி கறுத்த சதுரம் செங்குத்துக் குழி. நடப்பவர்கள் தயவுசெய்து விலகிப் போங்கள்.

அந்தப் பாலையின் ஜோஷுவா ட்ரீ பகுதியில் உள்ள லாஸ்ட் ஹார்ஸ் சுரங்கம் 1894 முதல் 1931 வரை சுமார் 10,000 அவுன்ஸ் தங்கம் தந்தது. அதே வட்டாரத்தில் பார்க்கர் அணை. மாட்டு மந்தைகளுக்காக 1900 வாக்கில் கட்டியது. பின்னாளில் அங்கே பண்ணை வைத்திருந்த பில் கீஸ் அதை உயர்த்தினார். மழையே அரிதான மண்ணில் எத்தனை பெரிய உழைப்பு!

2009க்குப் பின் வந்த புதிய தாள்களில் சுரங்கக் குறிகளை விட்டுவிட்டார்கள். எனக்கு அது பெரிய இழப்பு. பழைய தாள்களை அந்தத் துறையே இணையத்தில் இலவசமாகத் தருகிறது.