அடியில் இருந்த ஈரம்

மதீனத்துக் கடைவீதியில் ஒரு நாள் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடந்து செல்கின்றார்கள். ஓரிடத்தில் தானியம் குவித்து வைக்கப்பட்டிருக்கின்றது. மேற்பார்வைக்கு நல்ல தானியம். பெருமானார் அவர்கள் தம் திருக்கரத்தை அக்குவியலினுள் நுழைக்கின்றார்கள். விரல்களில் ஈரம் தட்டுப்படுகின்றது. இஃது என்னவென்று உரியவரை வினவுகின்றார்கள். மழையில் நனைந்துவிட்டது என்கின்றார் அவர். அவ்வாறாயின் மக்கள் காணுமாறு அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுகின்றவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று கடுமையாக உரைத்துவிடுகின்றார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் இந்நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

மழை பெய்ததற்காக அவ்வணிகர் கண்டிக்கப்படவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தானியம் நனைந்ததும் குற்றமாகவில்லை. நனைந்தது அடியிலும் உலர்ந்தது மேலேயும் இருந்ததுதான் குற்றமாயிற்று.

தானியக் குவியலில் கையை விட்டுப் பார்க்க இயலும். ஆனால் இன்றைய உலகில் விலைக்கு வாங்கப்படும் பொருள்கள் பலவற்றில் அவ்வாறு கைவிட்டுப் பார்க்க வாங்குகின்றவரால் இயலாது. கணக்குத் தணிக்கையாளரின் கையொப்பத்தை நம்பி ஒருவர் தம் சேமிப்பை ஒரு நிறுவனத்தில் போடுகின்றார். பொறியாளரின் வரைபடத்தை நம்பிப் பல்லாயிரம் பேர் ஒரு கட்டடத்தினுள் நுழைகின்றனர். மருத்துவரும் வழக்கறிஞரும் அத்தகையவரே. இவர்கள் விற்பது அறிவு; வாங்குகின்றவருக்கோ அந்த அறிவு கிடையாது. ஆதலால்தான் மருத்துவம் கற்று அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளர் என்று நபிமொழி விதித்தது. கைவினைஞரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் அழிந்தால் அவரே ஈடு செய்யவேண்டும் என்று அலீ (ரலி) அவர்கள் தீர்ப்பளித்ததாகச் சட்ட நூல்கள் கூறுகின்றன. தொழில் என்பது அமானிதம். அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அன்னிஸா அத்தியாயத்தின் 58-ஆம் வசனம் பணிக்கின்றது. அதே அத்தியாயத்தின் 135-ஆம் வசனமோ, தமக்கே எதிராக அமைந்தாலும் நீதிக்குச் சான்று பகருமாறு கட்டளையிடுகின்றது. பிறருக்கு எதிராகச் சான்று சொல்ல ஆள் கிடைப்பது அரிதன்று. தனக்கே எதிராகச் சொல்லும்போதுதான் நாவு எழுவதில்லை.

அவ்வாறு நாவெழுந்த ஒரு மனிதரின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. அவர் முஸ்லிம் அல்லர். அமெரிக்க நாட்டுப் பொறியாளர்.

நியூயார்க் நகரத்தில் சிட்டிகார்ப் வங்கி நிறுவனத்தின் தலைமைக் கட்டடம் 1977-ஆம் ஆண்டில் எழுந்து நின்றது. 59 மாடிகள், 915 அடி உயரம். அந்த மனையின் மூலையொன்றில் கிறிஸ்தவ தேவாலயம் ஒன்று இருந்தது. அதற்கு இடம் விடவேண்டியிருந்தமையால், கட்டடத்தின் தூண்களை நான்கு மூலைகளில் நாட்டாமல், நான்கு பக்கங்களின் நடுவே ஒன்பது மாடி உயரத்திற்கு நாட்டி, அவற்றின்மீது கட்டடத்தை நிறுத்தினர். இக்கணக்குகளுக்குப் பொறுப்பேற்றவர் வில்லியம் லெமெஷரர் என்பார். புகழ் வாய்ந்த பொறியியல் ஆலோசனை நிறுவனம் ஒன்றின் தலைவர்.

1978-ஆம் ஆண்டில் மாணவர் ஒருவர் அந்தத் தூண்களைப் பற்றி ஐயம் எழுப்பினார். தூண்கள் சரியான இடத்தில்தாம் உள்ளன என்று லெமெஷரர் விளக்கினார். ஆயினும் வினா அவர் உள்ளத்தில் தங்கிவிட்டது. அந்நாளைய நகர விதிகள் கட்டடத்தின் முகப்பில் நேராக மோதும் காற்றைக் கணக்கிட்டால் போதும் என்றன. அவரோ மூலையை நோக்கிச் சாய்வாக வீசும் காற்றையும் கணக்கிட்டுப் பார்த்தார். சாய்வு விட்டங்கள் சிலவற்றில் பளு 40 விழுக்காடு கூடிற்று. விட்டங்களின் இணைப்புகள் முழுமையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தால் இதுவும் அச்சத்துக்குரியதன்று. ஆனால் சில வாரங்களுக்கு முன்னர்தான், வேறொரு கட்டட வேலையைப் பற்றிப் பேசும்போது, ஒரு செய்தி அவர் காதில் விழுந்திருந்தது: சிட்டிகார்ப் கட்டடத்தின் இணைப்புகள் பற்றவைக்கப்படவில்லை, திருகாணிகளால் முடுக்கப்பட்டுள்ளன. அவ்விணைப்புகளில் பளு 160 விழுக்காடு கூடுவதாகக் கணக்குக் காட்டிற்று.

இந்த மாற்றத்தைச் செய்தவர் யார்? எஃகு விநியோகித்த நிறுவனம், செலவு குறையும் என்று யோசனை கூறிற்று. லெமெஷரரின் நியூயார்க் அலுவலகத்தார் அதனை ஏற்றனர். அவர்கள் கைக்கூலி பெற்றவரல்லர், சோம்பேறிகளும் அல்லர். திருகாணிகளைக் கொண்டு இணைப்பது எங்கும் நடைமுறையில் உள்ளதுதான். தலைவரிடம் கூறவேண்டிய அளவிற்கு இஃது ஒரு செய்தியா என்று அவர்கள் எண்ணினர், கூறவில்லை. அவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் ஒரே நிறுவனத்து மக்கள் இவர்கள்! எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ செய்திகள் இவ்வாறுதான் மேசைக்கும் மேசைக்கும் இடையில் விழுந்து மறைகின்றன.

கனடாவில் காற்றழுத்த ஆய்வுக்கூடம் ஒன்றில் அவர் தம் கணக்கைச் சரிபார்த்தார். ஆட்டத்தைத் தணிக்க உச்சியில் வைக்கப்பட்டிருந்த பெரும் பொறிக்குப் புயலின்போது மின்சாரம் நின்றுபோனால், சராசரியாகப் பதினாறு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரக்கூடிய புயலே அந்தக் கட்டடத்தை வீழ்த்திவிடும் என்று அவர் கண்டார். பிற்கால ஆய்வாளர் சிலர் அபாயத்தின் அளவைப் பற்றி வேறு கணக்குக் கூறினாலும், அன்று அவர் கையில் இருந்தது அந்தக் கணக்குத்தான். ஏரித் தீவொன்றில் இருந்த தம் வீட்டிற்குத் தனியே சென்று சிந்தித்தார். வாயை மூடிக்கொள்ளலாம்; உயிரை மாய்த்துக்கொள்ளலாம்; உண்மையைக் கூறலாம். வழக்கு, திவால், அவமானம் யாவும் கண்முன் நின்றன. அவர் கரை திரும்பிக் காப்பீட்டாரிடமும், கட்டடக் கலைஞரிடமும், இறுதியாக வங்கித் தலைவர்களிடமும் சென்று, பிழையையும் அதற்குரிய பரிகாரத்தையும் தம் வாயாலேயே எடுத்துரைத்தார். ஆகஸ்டு மாதம் தொடங்கிப் பல வாரங்கள், வங்கி ஊழியர் வீடு சென்ற பின்னர் இரவு இரவாக, இருநூறுக்கு மேற்பட்ட இணைப்புகளின்மீது இரண்டு அங்குலத் தடிமனுள்ள எஃகுத் தகடுகளை வைத்துப் பற்றவைத்தனர். செப்டம்பர் தொடக்கத்தில் எல்லா என்ற சூறாவளி அந்தக் கரையை நோக்கி வந்து, இறைவன் அருளால் கடலுக்குள் திரும்பிச் சென்றது.

இவரைப் போற்றுவோர் பலர். நாமும் போற்றுகின்றோம், ஆனால் முழுமனத்துடன் போற்ற இயலவில்லை. உடையவர்க்கும் நகர அதிகாரிகளுக்கும் சொல்லப்பட்ட உண்மை, அந்தக் கட்டடத்தில் நாள்தோறும் அமர்ந்து வேலை செய்த ஊழியர்களுக்கும், அதன் நிழலில் குடியிருந்த மக்களுக்கும் சொல்லப்படவில்லை. நியூயார்க்கின் பெரிய நாளேடுகள் அந்நாளில் வேலைநிறுத்தத்தால் நின்றுபோயிருந்தமை மறைப்பதற்கு வாய்ப்பாக அமைந்தது. 1995-ஆம் ஆண்டில் ஒரு வார இதழ் வெளியிடும்வரை, ஏறத்தாழ 17 ஆண்டுகள், பொதுமக்கள் அறியவில்லை. பீதி பரவக் கூடாது என்பது காரணமாகக் கூறப்பட்டது. நனைந்த தானியம் கடைக்கு உடையவரின் கண்ணுக்கு மட்டும் மேலே வந்தது. வீதியில் நின்றவருக்கு அடியிலேயே இருந்தது.

அலுவலகத்தின் மௌனத்திற்கு மீண்டும் வருவோம். கீழே உள்ளவர் பேசவேண்டுமானால் மேலே உள்ளவர் கேட்கத்தக்கவராக இருத்தல் வேண்டும். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில் பத்ருக் களத்தில் பெருமானார் அவர்கள் ஓரிடத்தில் தங்க முனைந்தபோது, ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) என்ற தோழர் அணுகிக் கேட்ட கேள்வியை நினைவு கூர்க. இவ்விடம் அல்லாஹ் அறிவித்ததா, அன்றிப் போர்த் தந்திரத்தின் வழி எழுந்த கருத்தா என்று அவர் கேட்டார். கருத்தே என்ற விடை கிடைத்தது. அவ்வாறாயின் இவ்விடம் பொருத்தமன்று. பகைவர்க்கு அண்மையிலுள்ள நீர்நிலைக்கு முன்னேறுவோம் என்றார். படை இடம் மாறிற்று. இறைத்தூதரிடமே இவ்வாறு கேட்க ஒரு படைவீரருக்குத் துணிவு எவ்வாறு வந்தது? முன்னர்க் கேட்டவர்கள் சிறுமைப்படுத்தப்படவில்லை என்பதால்தான் வந்தது. அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபாவாகப் பொறுப்பேற்று நிகழ்த்திய முதல் உரையிலேயே, தாம் தவறினால் தம்மைத் திருத்துமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

கேட்க மறுத்த நிறுவனத்தின் கதி யாது என்பதற்கும் சான்று உண்டு. 1913-இல் சிகாகோவில் தோன்றி, நேர்மைக்குப் பெயர் பெற்று, உலகெங்கும் ஏறத்தாழ 85,000 பேர் பணியாற்றும் அளவிற்கு வளர்ந்தது ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம். என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தின் கணக்குகளை அது தணிக்கை செய்துவந்தது. அக்கணக்கு முறைகள் தகாதவை என்று ஆண்டர்சனின் உள்ளேயே, தொழில் தரத்தைக் காக்கும் குழுவைச் சார்ந்த பங்குதாரர் ஒருவர் மறுப்புக் கூறினார். என்ரானுக்கு அவர்மீது மனக்குறை. 2001-ஆம் ஆண்டில் அவர் அப்பணியின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டார். ஈரத்தைக் கண்ட கையை அகற்றிவிட்டனர்! அவ்வாண்டு இறுதியில் தாள்கள் மூட்டை மூட்டையாகக் கிழித்து அழிக்கப்பட்டன; டிசம்பர் 2-ஆம் நாள் என்ரான் திவாலாயிற்று. 2002-இல் நீதிமன்றம் ஆண்டர்சனைக் குற்றவாளி என்றது. ஜூரர்களுக்குத் தரப்பட்ட விளக்கம் பிழையானது என்று கூறி 2005-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளிற்று. அதற்குள் நிறுவனம் சிதறிவிட்டது. என்ரானின் பெயரையே கேட்டறியாத கணக்கர்களும் எழுத்தர்களும் வேலையிழந்தனர்.

நம் இல்லத்துப் பிள்ளைகள் இன்று சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இத்தகைய அலுவலகங்களில் அமர்ந்திருக்கின்றனர். மேலதிகாரியின் கோப்பில் ஒரு பிழையைக் காணும் இளைஞர், அதனை எடுத்துரைப்பது புறம் பேசுதல் ஆகிவிடுமோ என்று மார்க்க அச்சத்தாலேயே தயங்குவதும் உண்டு. இமாம் நவவீ அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீன் நூலில், ஒருவர் இல்லாதவிடத்து அவர் குறையைப் பேச அனுமதியுள்ள ஆறு நிலைகளை வகுத்துள்ளார்கள். அநீதியை முறையிடுவதும், தீமையைத் தடுக்க உதவி கோருவதும், மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். முதலில் உரியவரிடமே தனியாகக் கூறுதல் நன்று. அவர் செவிசாய்க்காவிடில், திருத்தும் அதிகாரம் உள்ளவரிடம் கூறுதல் வேண்டும். வீதியில் போவோர் வருவோரிடமெல்லாம் கூறித் திரிவதுதான் புறம். தம் பிழையைத் தாமே கண்டவருக்கோ இத்தகைய சட்ட ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கதவைத் தட்டினால் போதும்.

லெமெஷரர் 2007-இல் காலமானார். செய்தி வெளியான பின்னர் தம் பிழையைப் பொறியியல் மாணவர்களுக்குப் பாடமாகவே சொல்லிவந்தார். வினா எழுப்பிய அந்த மாணவரின் பெயரை மட்டும் அவரால் கூற இயலவில்லை. அவர் அதனைக் குறித்து வைத்திருக்கவில்லை. 1978-இல் அக்கட்டடத்தைப் பற்றிப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதிய மாணவி ஒருவர், பல ஆண்டுகள் கழித்துத் தொலைக்காட்சியில் இவ்வரலாற்றைக் கண்டபோதுதான், தாம் அன்று அந்த அலுவலகத்தாரிடம் கேட்ட கேள்வி அது என்று அறிந்துகொண்டார். பின்னர் நியூஜெர்சியில் கட்டடக் கலை பயின்ற மற்றொருவரும், அன்று தொலைபேசியில் பேசியவன் நானே என்று முன்வந்தார்.