ஐந்து நாள் தாமதமாக ஏறிய தேசியக்கொடி... ஆத்துப்பாக்கத்தில் கிடைத்தது முழு நீதியா?

சென்னையிலிருந்து வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஓடும் பகுதி கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிஃப்ட் வேலைக்காகப் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது ஆத்துப்பாக்கம் ஊராட்சி. 2020 சுதந்திர தினத்தன்று அங்கு நடந்த ஒரு சம்பவம், தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

அப்போதைய ஊராட்சித் தலைவர் அமிர்தம், பட்டியலினத்தைச் சேர்ந்தவர். 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்று பதவிக்கு வந்தவர். ஆகஸ்ட் 15 அன்று பள்ளியில் கொடியேற்ற அவருக்கு அழைப்பு வந்தது. பிறகு, 'வர வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள். ஊரே தேர்ந்தெடுத்த தலைவர், அன்று கொடிக்கயிற்றைத் தொட முடியவில்லை.

விஷயம் ஊடகங்களில் வெளியானதும் நிர்வாகம் விழித்துக்கொண்டது. ஆகஸ்ட் 20 அன்று, அப்போதைய திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமாரும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அரவிந்தனும் நேரில் வந்தார்கள். அவர்கள் முன்னிலையில் அமிர்தம் கொடியேற்றினார்.

சட்டம் என்ன சொல்கிறது?

உள்ளாட்சிப் பதவிகளில் பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்குமான இட ஒதுக்கீடு, 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியலமைப்புத் திருத்தம் கொடுத்த உரிமை. பதவியில் அமர்ந்தவரை வேலை செய்யவிடாமல் தடுத்தால்? அதற்கும் சட்டம் இருக்கிறது. பட்டியலின, பழங்குடியின உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பணிகளை மிரட்டியோ இடையூறு செய்தோ தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ம் ஆண்டு திருத்தப்படி குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இந்தத் திருத்தம் அமலுக்கு வந்த நாள், 2016 ஜனவரி 26. ஆம், குடியரசு தினம்!

நாற்காலி அரசியல்

இது ஒரே ஓர் ஊரின் கதை இல்லை. மதுரை மாவட்டம் மேலவளவில், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் தனித்தொகுதி என்பதாலேயே 1996 முதல் பத்து ஆண்டுகள் தலைவர் பதவியை முடக்கி வைத்தார்கள். 2020 அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவர் ராஜேஸ்வரி தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த புகைப்படம் வெளியாகி அதிரவைத்தது.

கொடியும் நாற்காலியும் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதவையும் உண்டு. ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நடைமுறை அப்போது இருந்தது. துணைத் தலைவர் வேண்டுமென்றே ஒத்துழைக்க மறுத்தால், தெருவிளக்கு பழுதுபார்க்கவும் பணம் நகராது. அதைப் புகைப்படம் எடுத்து வைரலாக்கவும் முடியாது.

2022 ஆகஸ்ட்டில், அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். பட்டியலின, பழங்குடியின ஊராட்சித் தலைவர்கள் சாதிப் பாகுபாடின்றி கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும் என்பதே அதன் சாரம். சுதந்திரத்தின் 75 ஆண்டுகள் நிறைவடைந்த நேரத்திலும் இப்படியொரு கடிதம் தேவைப்பட்டிருக்கிறது.

எது நீதி?

அமிர்தத்துக்குக் கொடி மறுக்கப்பட்டது அநீதி. இதில் யாருக்கும் குழப்பமில்லை. ஆகஸ்ட் 20 அன்று கிடைத்தது நீதிதானா என்பதில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. தவறு திருத்தப்பட்டது, அது பெரிய விஷயம். ஆனால், மற்ற ஊராட்சித் தலைவர்கள் இயல்பாக நடந்துபோய் ஏற்றும் கொடியை, ஆட்சியரும் காவல்துறையும் துணைக்கு வந்த பிறகுதான் அவரால் ஏற்ற முடிந்தது.

அதிகாரிகளின் கார்கள் கிளம்பிப் போன மறுநாள், கேமராக்கள் இல்லாத ஒரு சாதாரணக் கிராம சபைக் கூட்டம். அங்கே தலைவரின் நாற்காலி தலைவருக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் சொல்வதை ஊர் கேட்க வேண்டும். நீதி முழுமையடைவது அந்த நாளில்தான்!