கறுப்பாய்த் தெரிவது வெள்ளி

ஹேவாஹெட்டத் தோட்டப்பக்கம் பழைய வீடுகளில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்களில் கறுப்பாய்த் தெரிவது மையல்ல, வெள்ளி. நுண்ணிய இழைகளாய்ச் சுருண்டு கிடக்கும் வெள்ளி ஒளியை விழுங்கிவிடுவதால் கறுக்கிறது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களின் கடவுச்சீட்டுப் படங்களிலும் இருப்பது அதுவே.

அதன் மூலம் வெள்ளி புரோமைட்டு என்ற வெளிர்மஞ்சள் உப்பு. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலோடு பொற்றாசியம் புரோமைட்டைச் சேர்த்தால் வீழ்படிவாய் இறங்கும், நீரில் கரையாது. ஜெலற்றினில் கலந்து படச்சுருளிலும் தாளிலும் பூசுவார்கள். ஒளி பட்ட பளிங்கில் நாலைந்து வெள்ளி அணுக்கள் பிரிந்து ஒட்டும், அவ்வளவுதான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. உருத்துலக்கும் மருந்தில் இட்டதும் அந்தப் பளிங்கு மட்டும் கோடிக்கணக்கான அணுக்களோடு முழுசாய் வெள்ளியாகிவிடும். ஒளி செய்வது கொஞ்சம்; மிச்சமெல்லாம் மருந்தின் வேலை. அச்சுத்தாளின் உப்பு நீல ஒளிக்குத்தான் மசியும், சிவப்புக்கு அசையாது. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கு. மருந்துத் தட்டை மெல்ல ஆட்ட ஆட்ட, வெறும் தாளில் முதலில் தலைமுடி எழும்பி வரும், பிறகு கண்கள், கடைசியில்தான் கன்னம்.

1871இல் றிச்சர்ட் மடொக்ஸ் ஜெலற்றின் தட்டைச் சொன்னபோது வழக்கில் இருந்தது பெரும்பாலும் ஈரத்தட்டு. கண்ணாடியை வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, காய்வதற்குள் படமெடுத்துத் துலக்கியாக வேண்டும். 1875இல் இலங்கை வந்த ஜூலியா மார்கரெட் கமரன் இங்குள்ள உழைப்பாளிகளைப் படமெடுத்ததும் இப்படித்தான். நைத்திரேற்றுக் கறை அவர் கைகளை விட்டுப் போனதேயில்லை. 1879இல் இறந்தவரின் கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது.

துலக்கினால் மட்டும் படம் நிற்காது. ஒளி படாத உப்பு தாளிலேயே இருந்தால் வெளிச்சத்தில் அதுவும் கறுத்துவிடும். அதைக் கரைத்தெடுப்பது ஸ்டூடியோக்காரர் ‘ஹைப்போ’ என்று சொல்லும் சோடியம் தயோசல்பேற்று. வெள்ளி உப்புகளை அது கரைக்கும் என்று 1819இலேயே கண்டவர் ஜோன் ஹேர்ஷல். ஆனால் ஹைப்போவை நன்றாய்க் கழுவாவிட்டால் அதிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தின்னும். படம் மஞ்சளிப்பது பெரும்பாலும் வயதால் அல்ல, அவசரமாய்க் கழுவியதால்.

மலையகத்தில் இன்னொரு எதிரி ஈரம். ஜெலற்றின் மாட்டெலும்பிலும் தோலிலும் செய்வது. பூஞ்சணத்துக்கு அது விருந்து. ஆகவே வீட்டில் பழைய நெகடிவ் இருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஜெலற்றின் ஊறிப் படமே உரிந்துவிடும். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, வெறும் காகித உறையில் ஒவ்வொன்றாய் இட்டு, சுவரை ஒட்டாத காய்ந்த இடத்தில் வையுங்கள்.