எழுந்து நடந்துவிட்டால் போதுமா?

பைக்கிலிருந்து விழுந்தது முந்தாநாள். மருத்துவமனைக்கு வருவது இன்று. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை பக்கமிருந்து வரும் இளைஞர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஏன் அன்றே வரவில்லை என்று கேட்டால், "நானே எழுந்து வண்டியை ஓட்டிட்டுப் போனேன் சார், அப்ப ஒண்ணும் தெரியல" என்பார்கள். அந்தப் பதிலுக்குள்தான் ஆபத்து இருக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் உடலில் அட்ரினலின் பெருகி வலியை மறைத்துவிடும். எழுந்து நடந்ததை வைத்து உள்ளே காயமில்லை என்று முடிவுகட்ட முடியாது.

தாமதமாகத் தெரியும் காயங்கள்

தலையில் அடிபட்டவர் ஓரிரு நிமிடம் மயங்கி, பிறகு தெளிந்து நன்றாகப் பேசுவார். மண்டையோட்டுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தால் சில மணி நேரத்தில் தலைவலி, வாந்தி, மயக்கம் எனச் சரிவார். நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது விழுந்தவருக்கு இதில் ஆபத்து அதிகம். அறைக்கு வந்து படுத்துவிடுவார். அறைத்தோழர்கள் பகல் ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். அவர் அசதியில் தூங்குகிறாரா, நினைவு தப்பிக் கிடக்கிறாரா என்று பார்க்க அங்கே ஆள் இருக்காது.

ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தினால் தோலில் சிராய்ப்புகூட இருக்காது. உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருக்கலாம். வயிற்று வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாமல் இடது தோளில் வலி எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது.

உள்ளங்கையை ஊன்றி விழுந்தவர்களுக்குக் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டுக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் அங்குள்ள சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். சுளுக்கு என்று விட்டால் எலும்பு கூடாமல், கையில் பிடிப்பு நிரந்தரமாகக் குறையும். ஸ்பேனர் பிடித்துப் பிழைப்பவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

இதையெல்லாம் தயவுசெய்து விடுங்கள்

"டி.டி. ஊசி போட்டாச்சு." அது டெட்டனஸ் வராமல் தடுக்கும், அவ்வளவுதான். தலைக்காயத்தையோ எலும்பு முறிவையோ அது குணமாக்காது.

"மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டேன்." எந்த மாத்திரை என்று கேட்டால் பெயர் தெரியாது. வலிநிவாரணிகளில் சில ரத்தக்கசிவை அதிகமாக்கும். எல்லாமே அறிகுறியை மறைக்கும். உள்ளே என்ன ஆகிறது என்று எங்களுக்குச் சொல்வதே அந்த வலிதான். அதை நீங்களே அணைத்துவிட்டு வந்தால் நாங்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

காபித்தூள், மஞ்சள்தூள், பற்பசை: காயத்தில் இவற்றை அப்பிக்கொண்டு வருகிறார்கள். அதைச் சுரண்டி எடுக்கும்போது படும் வேதனை, விழுந்தபோது பட்டதைவிட அதிகம். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு மண்ணும் ஜல்லித்தூளும் போகக் கழுவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். ரத்தம் நிற்காவிட்டால் துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள்.

எண்ணெய் போட்டு நீவுதல், நாட்டுக்கட்டு: முறிந்த எலும்பை நீவினால் அதன் கூர்முனை நரம்பையும் ரத்தக்குழாயையும் கிழிக்கும். வீங்கும் காலில் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, சதை கறுத்து, காலையே எடுக்க வேண்டிய நிலை வரும். கட்டுப் போட்ட பிறகு விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே கட்டைப் பிரிக்க வேண்டும்.

கையில் சாவிக்கொத்து: விபத்தில் அடிபட்டு வலிப்பு வந்தால் இரும்பைக் கொடுக்க ஓடுகிறார்கள். வலிப்பு தானாக நிற்பதை இரும்பு நிறுத்தியதாக நினைக்கிறோம். அந்த நேரத்தில் 108ஐ அழையுங்கள்.

சோடா, தண்ணீர்: நினைவு தடுமாறுபவர் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அதற்கும் இடைஞ்சல்.

"குடிச்சிருக்கான், தூங்கினா தெளிஞ்சிடும்." குடித்தவருக்கும் மூளையில் ரத்தம் கசியும். வாடை வந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

விழுந்தவரை நான்கு பேர் தூக்கி ஷேர் ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பதும் ஆபத்து. மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காமல், தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

பணத்துக்கும் போலீஸுக்கும் பயப்படாதீர்கள்

அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்று விபத்தை மறைப்பவர்கள் பலர். வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தை, வேலையோடு அதற்குத் தொடர்பிருந்தால், பணியிட விபத்தாகவே கருத வேண்டும் என்று இ.எஸ்.ஐ. சட்டம் 2010லேயே திருத்தப்பட்டது. காப்பீடு உள்ளவர் மறைத்தால் சிகிச்சையையும் சம்பள இழப்பீட்டையும் தானே இழக்கிறார். தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கியது. பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, உச்சவரம்புக்கு உட்பட்டு, இலவசம். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து இங்கே வேலை பார்ப்பவருக்கும் அது உண்டு. உதவிக்கு வருபவர் பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை; 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

என்ன பரிசோதனை?

தேவைக்கேற்ப தலைக்கு சி.டி. ஸ்கேன், வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட், எலும்புக்கு எக்ஸ்ரே.

விழாமலே கற்றுக்கொள்ளுங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் பைக் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே ஓட்டுபவர்கள் நம்மைவிடத் திறமைசாலிகள். அவர்களே உடல் முழுக்கத் தோல் உடை, கையுறை, பூட்ஸ், முழுமுக ஹெல்மெட் இல்லாமல் தடத்தில் இறங்குவதில்லை. எதிரே கன்டெய்னர் லாரியும் குறுக்கே மாடும் வராத அந்தத் தடத்துக்கே அத்தனை பாதுகாப்பு என்றால், வண்டலூர்–வாலாஜாபாத் சாலைக்கு எவ்வளவு வேண்டும்?

ஹெல்மெட் தலைக்காய அபாயத்தைச் சுமார் 69 சதவீதமும், மரண அபாயத்தை 42 சதவீதமும் குறைப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது. அது ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதாக, தாடைப்பட்டை மாட்டியதாக இருக்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்கும் வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் தூக்கிப் போடுங்கள். உள்ளே நசுங்கிய நுரைப்பஞ்சு மறுமுறை காப்பாற்றாது.

ஆலைக்குள் சேஃப்டி ஷூ போடாமல் லைனில் நிற்க விடமாட்டார்கள். அதே கால், கேட்டைத் தாண்டியதும் செருப்புக்கு மாறுகிறது. ஷூவோடே வீட்டுக்குப் போங்கள், தம்பி. ட்ரெய்லரின் இடப்பக்க இடைவெளியில் நுழையாதீர்கள். திரும்பும்போது அதன் பின்சக்கரம் உங்கள் பக்கம்தான் வரும். லாரியிலிருந்து சிந்திய எம்-சாண்டின் மேல் முன்பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். டபுள் ஷிப்ட் பார்த்த அன்று கம்பெனி பஸ்ஸில் போங்கள். கண் சொக்கினால், விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரி மோதிய பிறகுதான் தெரியும்.

அறைத்தோழர்களுக்கும் லைன் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விழுந்தவர் "ஒண்ணும் இல்லண்ணே" என்றால் அதைக் கேட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். தலையிலோ வயிற்றிலோ அடிபட்டவரைத் தனியாகத் தூங்க விடாதீர்கள். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே அழைத்து வாருங்கள். பரிசோதித்து ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவதில் எங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லை.