பலாலிக்கு எத்தனை நிமிடம்?

பிள்ளைகளே, எஹலியகொட பஸ் நிலையத்தில் யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் கிலோமீற்றரில் சொல்வார். இன்னொருவர், "ராத்திரி ஏறினா காலையில போயிரலாம்" என்பார். ஒருவர் தூரத்தைச் சொல்கிறார், மற்றவர் நேரத்தை. விமானம் ஓட்டுபவருக்கு இரண்டும் வேண்டும்.

முதலில் தூரம். தேசப்படப் புத்தகத்தைத் திறவுங்கள். கொழும்பை அடுத்த இரத்மலானை விமான நிலையம் வடக்கு அகலக்கோடு 6.8 பாகையில் இருக்கிறது, யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் 9.8 பாகையில். இரண்டுமே கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டியவை. அதனால் இரத்மலானைக்குக் கிட்டத்தட்ட நேர் வடக்கே பலாலி. ஒரு அகலக்கோட்டுப் பாகை ஏறத்தாழ 111 கிலோமீற்றர். மூன்று பாகைக்கு 333. நாம் 330 என்று வைத்துக்கொள்வோம். எஹலியகொடவும் ஏறக்குறைய இரத்மலானையின் அகலக்கோட்டில்தான், அதற்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே உங்கள் பள்ளிக்கூட மைதானத்திலிருந்தும் பலாலிக்கு ஏறத்தாழ இதே தூரம்தான்! கொழும்பிலிருந்து தரைவழியே போனால் சுமார் 400 கிலோமீற்றர். ஊர்களைத் தொட்டு வளைந்து போகிறதல்லவா வீதி?

அடுத்தது நேரம். 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்த டகோட்டா விமானத்தின் பெயர் 'சீதா தேவி'. டகோட்டாவின் வேகத்தை மணிக்கு 300 கிலோமீற்றர் என்று கொள்வோம். 330 கிலோமீற்றருக்கு 66 நிமிடம்.

உண்மையில் இன்னும் கூடுதலாகும். விமானம் தரையில் மெல்ல ஊர்ந்து ஓடுபாதைக்கு வரவேண்டும். மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இன்று பலாலிக்கும் சென்னைக்கும் இடையே பறக்கும் ஏடிஆர் 72 விமானத்தை எடுங்கள். தூரம் சுமார் 355 கிலோமீற்றர், வேகம் மணிக்கு சுமார் 500. கணக்குப்படி 43 நிமிடம். நேர அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கும் மேல். பயணம் குறுகக் குறுக, ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் போகும் பங்கு பெரிதாகும்.

இனி காற்று. விமானம் காற்றுக்குள் மிதந்து போவதால், காற்று நகர்ந்தால் அதுவும் சேர்ந்து நகரும். தெற்கிலிருந்து வடக்கே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் டகோட்டா பலாலிக்குப் போகும்போது தரைவேகம் 360, நேரம் 55 நிமிடம். திரும்பும்போது 240, நேரம் 82½ நிமிடம். மொத்தம் 137½.

காற்றே இல்லாவிட்டால்? 66-உம் 66-உம் சேர்ந்து 132 நிமிடம்தான். போகும்போது தந்ததையே வரும்போது காற்று எடுத்திருந்தால் கணக்குச் சமமாகியிருக்க வேண்டும். ஏன் ஆகவில்லை? உதவும் காற்றில் விமானம் சீக்கிரம் போய்விடுகிறது, உதவி 55 நிமிடத்துக்கு மட்டும். எதிர்க்காற்றில் மெதுவாக வருவதால் தடை 82½ நிமிடம் நீடிக்கிறது. வேகம் இருபுறமும் 60 மாறினாலும், அது நீடித்த நேரம் சமமில்லை.

இப்போது கொப்பியை எடுங்கள். காற்று மணிக்கு 150 கிலோமீற்றர் என்றால், திரும்பும் பயணத்துக்கு மட்டும் எத்தனை நிமிடம்? அதை 132 உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். காற்று 300 என்றால், பலாலியிலிருந்து கிளம்பிய விமானம் எப்போது இரத்மலானைக்கு வந்துசேரும்?